மூன்று பிள்ளைகள், ஒரு பலகை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கொரோனா பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், "மற்றப் பாடங்கள் ஆன்லைனில் எப்படியோ ஓடின, கணக்குதான் படுத்துவிட்டது" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதில் பாதி உண்மை. பல நாடுகளின் 15 வயது மாணவர்களுக்காக 2022இல் நடந்த பிசா தேர்வில், அதை நடத்தும் ஓஇசிடி என்ற பொருளாதார அமைப்பின் உறுப்பு நாடுகளின் கணிதச் சராசரி 2018ஐவிட ஏறக்குறைய 15 புள்ளி இறங்கியது. வாசிப்பில் இறக்கம் 10 புள்ளி அளவில்தான். இத்தனையையும் பள்ளி மூடலின் தலையில் கட்டிவிட முடியாது. சில நாடுகளில் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டதை அந்த அறிக்கையே சொல்கிறது. ஆனாலும் வாசிப்பைவிடக் கணக்கு அதிகம் அடிபட்டது என்பதை மறுக்க இடமில்லை.

மீதிப் பாதிதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று சொன்ன சில வாரங்களில், 190க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறக்குறைய 160 கோடி மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள் என்பது யுனெஸ்கோவின் கணக்கு. அந்த அவசரத்தில் இணையத்தில் ஏற்றப்பட்டது கணக்கு வகுப்பின் ஒரு துண்டு மட்டுமே: ஆசிரியர் போடுகிறார், பிள்ளைகள் பார்க்கிறார்கள். பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்ப்பது, "நீ எப்படிப் போட்டாய்?" என்று கேட்பது, அழித்துத் திரும்பப் போடுவது, தப்பென்று ஒருவன் சொல்ல இன்னொருவன் சண்டைக்குப் போவது, இவையெல்லாம் வகுப்பறையோடு நின்றுபோயின. கணக்கு பிடிபடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அதை இணையத்தில் கொண்டுவர முடியாது என்பது பொய். முடியும். ஆனால் அதற்கான கருவி வீடியோ அழைப்பு என்று நினைத்ததுதான் கோளாறு. மூன்று பிள்ளைகளும் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய ஒரு பொதுப் பலகை, பேச ஒரு குரல் இணைப்பு, பிரித்துப் போடத் தக்க ஒரு கணக்கு: இவை மூன்றும் இருந்தால் போதும். முகம் தெரியாவிட்டால் பெரிய நஷ்டமில்லை.

கணித ஆய்வாளர்கள் இதைப் பெருந்தொற்றுக்கு வெகு முன்பே செய்து காட்டினார்கள். 2009 ஜனவரியில் டிமோதி கவர்ஸ் என்ற கணிதவியலாளர், ஹேல்ஸ்-ஜூவெட் தேற்றத்தின் அடர்த்தி வடிவம் என்ற கடினமான கணித முடிவுக்கு ஒரு புதிய நிரூபணம் தேடும் வேலையை இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்டார். பாலிமேத் என்பது அந்த முயற்சியின் பெயர். யாரும் யாரையும் பார்க்கவில்லை, எல்லாம் எழுத்திலேயே நடந்தது. தனியாக உட்கார்ந்து முழுக்க யோசித்து முடித்துவிட்டு வராதே, தோன்றிய சின்ன யோசனையை அரைகுறையாக இருந்தாலும் உடனே எழுதிப் போடு என்பது அங்கே நடைமுறை. ஏழு வாரம் போல ஆனதும் காரியம் முடிந்தது. 2013இல் யிடாங் ஜாங் என்ற கணிதவியலாளர், வித்தியாசம் 7 கோடிக்குள் இருக்கும் பகா எண் இணைகள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் என்று நிறுவியதும், டெரன்ஸ் டாவ் முன்னின்ற இன்னொரு பாலிமேத் குழு அந்த 7 கோடியை 4680 வரை கீழே கொண்டுவந்தது. பிறகு ஜேம்ஸ் மேனார்டின் வழியையும் சேர்த்துக்கொண்டு 246இல் நிறுத்தினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவர்களுக்கும் எங்கே பொருத்தம் என்று கேட்கலாம். அரைகுறை வேலையை மற்றவர் கண்ணில் படும்படி வைப்பது என்ற அந்த ஒரு வழக்கம்தான் பொருத்தம். ஆன்லைன் வகுப்பில் பிள்ளைகள் நேர்மாறாகச் செய்தார்கள். முடித்த விடையை மட்டும் படமெடுத்து அனுப்பினார்கள்.

ஏன் மூன்று பேர்? இருவர் என்றால் ஒருவரின் இணைப்பு அறுந்ததும் மற்றவர் தனியாகிவிடுவார். நான்கு பேர் என்றால் ஒருவர் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொள்வார். கயிறு இழுக்கும் ஆட்கள் கூடக்கூட ஆளுக்கு இழுக்கும் விசை குறைவதை ரிங்கல்மன் என்ற பிரெஞ்சுக்காரர் நூறாண்டுக்கு முன்பே அளந்துவிட்டார். அத்தோடு இணையத்துக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. நேரில் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். இணைப்பின் தாமதம் அதே அளவுக்கு வந்துவிட்டால் இருவர் ஒன்றாகத் தொடங்கி, இருவரும் ஒன்றாக நிறுத்தி, "நீ சொல்லு", "இல்லை நீ சொல்லு" என்று நேரம் போகும். ஆள் கூடினால் மோதக்கூடிய ஜோடிகளும் கூடும். 3 பேரில் 3 ஜோடி, 4 பேரில் 6, 5 பேரில் 10. மூன்று பேர் மட்டும் என்றால் மைக்கைத் திறந்தே வைத்திருக்கலாம். ஐந்து பேரில் அது முடியாது. மியூட்டை எடுத்துவிட்டுப் பேச வேண்டியிருந்தாலே, பாதி வாக்கியத்தில் வரும் "ஏய் நில்லு, அது தப்பு" வராது. கணக்குக்கு வேண்டியது அந்தக் குறுக்குப் பேச்சுதான்.

வீடியோவை அணைப்பதில் பணக் கணக்கும் உண்டு. சுமாரான வீடியோ வினாடிக்கு 600 கிலோபிட் எடுக்கிறது என்று வைத்தால், மணிக்கு 600 × 3600 ÷ 8, அதாவது 270 மெகாபைட். அதுவும் ஒரு திசைக்கு மட்டும். குரலுக்கு 40 கிலோபிட் போதும், அதன்படி மணிக்கு 18 மெகாபைட். பதினைந்தில் ஒரு பங்கு. பலகையில் விழும் கோடுகள் இதற்கு முன் கணக்கிலேயே வராது. ஒரு மணி நேர வீடியோவுக்கு ஆகும் டேட்டாவில் 15 மணி நேரம் பேசிக்கொண்டே கணக்குப் போடலாம். சிக்னல் பலவீனமான இடத்தில் முதலில் திக்குவதும் வீடியோதான், குரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

பலகைக்கு விலையுயர்ந்த மென்பொருள் வேண்டாம். பலர் சேர்ந்து திருத்தக்கூடிய ஒரு ஸ்லைடு கோப்பு போதும். குழுவுக்கு ஒரு ஸ்லைடு, 36 பேருள்ள வகுப்புக்கு 12 ஸ்லைடு. ஒவ்வொன்றிலும் மேலே குழு எண், கீழே மூன்று நிறங்களும் அவற்றுக்கு நேரே மூன்று பெயர்களும். ஸ்லைடின் இடப்பாதி "ரஃப்", வலப்பாதி "மூவரும் ஒப்புக்கொண்டது". அவரவர் நிறத்தில்தான் அவரவர் எழுத வேண்டும். இந்த நிறப் பிரிவு அழகுக்காக இல்லை. குழுக்களை இணைய அழைப்புக்குள்ளேயே தனித்தனி அறைகளுக்கு அனுப்பிவிட்டால் ஆசிரியருக்கு ஒரு நேரத்தில் ஓர் அறைதான் கேட்கும். ஆனால் 12 ஸ்லைடுகளும் பக்கவாட்டில் சின்னச் சின்னப் படமாகத் தெரிந்துகொண்டே இருக்கும். ஒரு ஸ்லைடு முழுக்க ஒரே நிறமாக நிரம்பினால் அங்கே ஒருவர் போட, இருவர் வேடிக்கை பார்க்கிறார்கள் என்று அர்த்தம். இடப்பாதி காலியாக இருக்க வலப்பாதியில் மட்டும் விடை வந்து விழுந்தால், வேறெங்கோ இருந்து வந்த விடை. 18 நிமிடத்தில் 12 குழுவையும் வரிசையாகச் சுற்றினால் குழுவுக்கு ஒன்றரை நிமிடம், யாருக்கும் பிரயோசனமில்லை. நிறத்தைப் பார்த்து நான்கு குழுவை மட்டும் தேர்ந்து குழுவுக்கு நான்கு நிமிடம் கொடுப்பது மேல்.

அட்டவணையையும் கோடுகளையும் ஸ்லைடின் பின்னணிப் படமாக வைத்துவிட வேண்டும். மேலே மிதக்கும் பெட்டிகளாக விட்டால் முதல் ஐந்து நிமிடத்திலேயே யாராவது கைதவறி இழுத்து எல்லாவற்றையும் கலைத்துவிடுவார்கள். மொத்தமாக அழித்துவிடுகிற பிள்ளையும் வகுப்புக்கு ஒன்று உண்டு. அதற்குப் பதற வேண்டாம், பழைய வடிவங்களைச் சேமித்து வைக்கும் கோப்பாக இருந்தால் ஐந்து நிமிடம் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். திருத்தும் உரிமையுள்ள லிங்க்கை வகுப்புக் கணக்குகளுக்கு மட்டும் கொடுங்கள். எல்லாருக்கும் திறந்த லிங்க் வெளியே போனால் முன்பின் தெரியாதவர்கள் வந்து கிறுக்கிவிட்டுப் போவார்கள். வகுப்பு முடிந்ததும் கோப்பைப் பிடிஎஃப் ஆக இறக்கி வைப்பதும் கட்டாயம். பெருந்தொற்றில் எத்தனையோ வகுப்புகள் நம்பியிருந்த ஜாம்போர்டு என்ற இணையப் பலகையை கூகுள் 2024 டிசம்பரோடு மூடிவிட்டது. பிள்ளைகள் யோசித்த தடம் ஒரு நிறுவனத்தின் சர்வரில் மட்டும் இருக்கக் கூடாது.

கணக்கை விசைப்பலகையில் அடிப்பது தனித் தலைவலி. தாளில் பின்னத்தின் கோடு எதுவரை நீள்கிறதென்று கண்ணுக்குத் தெரியும். அடிக்கும்போது தெரியாது. ஒரு பிள்ளை 1/2அ என்று அடிக்கிறாள். அவள் மனதில் இருப்பது அரைப்பங்கு அ. எதிரே படிப்பவன் 2அ முழுவதையும் கீழே வைத்துப் படிக்கிறான். அ = 4 என்று போட்டுப் பார்த்தால் அவளுக்கு 2, அவனுக்கு 1/8. இருவர் போட்டதும் சரி, விடை மட்டும் 16 மடங்கு தள்ளி நிற்கிறது. பத்து நிமிடம் சண்டை போட்டாலும் காரணம் வெளியே வராது, ஏனென்றால் இருவரும் ஒரே வரியைத்தான் காட்டுகிறார்கள். முதல் வகுப்பிலேயே மூன்று விதியை ஒட்டிவிட வேண்டும். பின்னத்தின் மேலோ கீழோ ஒன்றுக்கு மேற்பட்ட எண்ணோ எழுத்தோ இருந்தால் அடைப்புக்குறி கட்டாயம். அடுக்குக்கு ^ குறி. பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி, ஏனென்றால் பெருக்கல் குறியும் ஆங்கில எக்ஸ் எழுத்தும் திரையில் ஒன்றுபோலத் தெரியும். வர்க்கமூலத்தை எழுத்தாலேயே சொல்லிவிடலாம்.

இதைவிடச் சுலபம் தாளில் போட்டுக் காட்டுவது. இரண்டு அடுக்குப் புத்தகம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 செ.மீ. உயரம். அவற்றுக்குக் குறுக்கே இரண்டு மர ஸ்கேல், அவற்றின் மேல் கேமரா கீழே பார்க்கும்படி போன். ஸ்கேல் ஒன்றாக இருந்தால் போன் ஆடும், இரண்டு வேண்டும். வெளிச்சம் எழுதாத கையின் பக்கமிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் எழுதும் கையின் நிழல் எழுதுகிற இடத்திலேயே விழும். பென்சில் வேண்டாம், திரையில் மங்கிப்போகும். கறுப்பு அல்லது கருநீலப் பேனா, கட்டம் போட்ட தாள், ஒரு வரி விட்டு ஒரு வரி. முன்பக்கக் கேமராவைப் பயன்படுத்தினால் எழுதுபவரின் திரையில் எழுத்து இடவலமாகத் தெரியும். எதிரே இருப்பவருக்கு அனேகமாக நேராகவே தெரியும், ஆனால் அதற்குள் அந்தப் பிள்ளை தாளைத் திருப்பி, போனைத் திருப்பி, ஐந்து நிமிடம் தொலைத்திருக்கும். பின்பக்கக் கேமராவுக்கு மாறினால் தீர்ந்தது.

ஆனால் இதில் எதுவும், கணக்கு தப்பாக அமைந்தால் உதவாது. பாடப்புத்தகத்தின் பயிற்சிக் கணக்கில் பத்தைக் குழுவுக்குக் கொடுத்தால், ஆளுக்கு மூன்றாகப் பங்கு போட்டுத் தனித்தனியே போட்டு, கடைசியில் ஒன்றாக ஒட்டுவார்கள். அதைக் குழுவேலை என்று சொல்வது ஏமாற்று. மற்றவர் கையில் இருப்பது இல்லாமல் முடிக்கவே முடியாத கணக்கு வேண்டும். ஒன்றை விரித்துக் காட்டுகிறோம்.

அடுத்தடுத்து வரும் எண்களைக் கூட்டி எந்தெந்த எண்களைப் பெற முடியும்? 9 என்றால் 4+5, 2+3+4 என இரண்டு வழி. 15க்கு 7+8, 4+5+6, 1+2+3+4+5 என மூன்று. 1 முதல் 36 வரை எந்த எண்களைப் பெறவே முடியாது? 1, 2, 3 என்று எண்ணும் எண்கள் மட்டும், குறைந்தது இரண்டு உறுப்பு. கூட்டல் தெரிந்தால் போதும், பத்து வயதுப் பிள்ளையும் உள்ளே வரலாம்.

முதலாமவருக்கு 1 முதல் 12, அடுத்தவருக்கு 13 முதல் 24, மூன்றாமவருக்கு 25 முதல் 36. பலகையில் 36 வரிசை கொண்ட ஓர் அட்டவணை. ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே 2 உறுப்பு, 3 உறுப்பு, 4 உறுப்பு, அதற்கு மேல் என்று நான்கு கட்டம். சரியாகப் போட்டால் முதல் ஆளுக்கு முடியாதவை 1, 2, 4, 8. இரண்டாம் ஆளுக்கு 16 மட்டும். மூன்றாம் ஆளுக்கு 32 மட்டும். 16ஐ மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாம் பிள்ளையால் ஒன்றும் ஊகிக்க முடியாது. 32ஐ மட்டும் வைத்துக்கொண்டு மூன்றாம் பிள்ளையாலும் முடியாது. மூன்றையும் ஒரே வரியில் அடுக்கினால்தான் இரட்டிப்பு கண்ணில் படும். முதல் ஆளுக்கு 1, 2, 4, 8 பார்த்ததுமே சந்தேகம் தட்டும், ஆனால் அதைச் சரிபார்க்கும் எண்கள் மற்றவர்களிடம். இந்தக் கணக்கின் தலைவர் யார் என்று யாரும் நியமிக்க வேண்டியதில்லை.

எங்கே தவறும் என்பதும் முன்கூட்டியே தெரியும். பிள்ளைகள் இரண்டு உறுப்பு, மூன்று உறுப்பு மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துவார்கள். அதனால் 14ஐ விட்டுவிடுவார்கள், அதற்கு 2+3+4+5 என்று நான்கு வேண்டும். 22, 26, 34 மூன்றுக்கும் இதே கதி. 20க்கு ஐந்து உறுப்பு. எல்லாவற்றிலும் மோசம் 28. அதற்கு ஒன்றிலிருந்து ஏழுவரை ஏழு உறுப்பையும் கூட்டினால்தான் வரும், வேறு வழியே இல்லை. மூன்றாம் பிள்ளை 28ஐ முடியாதவற்றில் சேர்த்தால் பட்டியல் 1, 2, 4, 8, 16, 28, 32 என்று நிற்கும். இரட்டிப்பு அழகாக வந்துகொண்டிருக்கும்போது நடுவில் 28 முள்ளாகக் குத்தும். இந்த இடத்தில் ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது. "28ஐ இன்னொரு தடவை பார்" என்று குழுவுக்குள்ளிருந்தே ஒரு குரல் வரும், அனேகமாக அதைப் போடாத பிள்ளையிடமிருந்து. தப்பைப் பலகையில் திறந்து வைத்திருப்பதன் பயன் அதுதான். நோட்டுக்குள் இருந்தால் அந்த 28 மறுநாள் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறியாகத் திரும்பியிருக்கும்.

ஏன் முடியாது என்ற கேள்விக்குப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் போகலாம். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கூட்டி, உறுப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கினால், கூட்டுத்தொகையின் இரண்டு மடங்கு கிடைக்கும். உறுப்பு எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் முதலும் கடைசியும் சேர்ந்தது இரட்டைப்படை. எண்ணிக்கை இரட்டை என்றால் அது ஒற்றை. இரண்டில் ஒன்று எப்போதும் ஒற்றைப்படை, அதுவும் 3க்குக் குறையாதது. ஆனால் 16இன் இருமடங்கு 32. அதில் 1ஐத் தவிர ஒற்றைப்படைக் காரணி ஏது? இதைச் சொல்லித் தந்துவிட ஆசிரியருக்குக் கை துடிக்கும். 28ஐ எடுத்து 56 = 7 × 8 என்று எழுதி, 7 எங்கிருந்து வந்தது, 8 எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டுவிட்டு அறையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

நாற்பது நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம் (பலரின் இலவச ஜூம் அழைப்புக்கு அதுதான் எல்லை). 5 நிமிடம் எல்லாரும் சேர்ந்து கணக்கைப் புரிந்துகொள்ள. 5 நிமிடம் தனியாக, தாளில், மைக் அணைத்து. 18 நிமிடம் குழுவில். 10 நிமிடம் மறுபடி எல்லாரும். கடைசி 2 நிமிடம் கோப்பைச் சேமிக்க. இதில் நேரமில்லை என்று எல்லாரும் வெட்டுவது அந்தத் தனி 5 நிமிடத்தை. வெட்டினால் வேகமான பிள்ளை குழுவுக்குள் நுழைந்த கணத்திலேயே வழியைச் சொல்லிவிடும், மற்ற இருவரும் எழுத்தர்களாகிவிடுவார்கள். தாளில் இரண்டு வரியாவது கையில் இருந்தால்தான் ஒரு பிள்ளைக்குப் பேச வாய் வரும். குழு அறைக்குள் போகவும் திரும்பவும் ஆளுக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் தின்னும் என்பதையும் அந்த 18இல் கழித்துக்கொள்ளுங்கள்.

வடிவியலில் வேறொரு சிக்கல். ஜியோஜிப்ரா போன்ற வரைகருவியை ஒருவர் ஸ்கிரீன் ஷேர் செய்ய மற்ற இருவரும் பார்ப்பது மறுபடி பழைய கதைதான். இதற்கு ஒரு கறாரான ஏற்பாடு உண்டு. மவுஸ் யார் கையில் இருக்கிறதோ அவர் யோசனை சொல்லக் கூடாது, மற்றவர் சொல்வதை மட்டும் செய்ய வேண்டும். 6 நிமிடத்துக்கு ஒரு தடவை ஆள் மாற வேண்டும். ஏதாவதொரு நாற்கரத்தின் நான்கு பக்க மையங்களை இணைத்தால் இணைகரம் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். "அந்த முனையை உள்ளே இழு", "எந்த முனையை?", "இடப்பக்கம் மேலே இருப்பதை, மூலைவிட்டத்தைத் தாண்டி". நாற்கரம் உள்ளே குழிந்த பிறகும் இணைகரம் உடையாமல் நிற்கும். மவுஸ் தன் கையில் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை மூலைவிட்டம் என்ற சொல்லைப் பயன்படுத்தியிருக்கவே இருக்காது. இழுத்துவிட்டுப் போயிருக்கும். கண்ணளவில் வரைந்த சதுரம் ஒரு முனையை இழுத்ததும் சரிந்து விழுவதையும், செங்குத்துக்கோடு போட்டுக் கட்டிய சதுரம் இழுத்தாலும் சதுரமாகவே இருப்பதையும் ஒருமுறை பார்த்துவிட்டால், வரைவதற்கும் அமைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

குழுவுக்குள் நுழையும் ஆசிரியர் என்ன கேட்பது? பலகையில் ஏதாவதொரு வரியைக் காட்டி, அதை எழுதாத நிறத்துக்குரிய பிள்ளையிடம், "இந்த வரி எப்படி வந்தது?" என்று கேட்டால் போதும். சொல்லத் தெரியாவிட்டால் எழுதியவரைப் பார்த்து, "இவருக்குப் புரியவை, இரண்டு நிமிடத்தில் திரும்ப வருகிறேன்." திரும்பி வர வேண்டும், அது முக்கியம். ஆசிரியரின் எழுத்து குழுவின் பலகையில் விழவே கூடாது. விழுந்தால் அதற்குக் கீழே இருப்பதெல்லாம் ஆசிரியருக்காக எழுதப்படும். மதிப்பெண் போட்டே ஆக வேண்டுமென்றால் பலகைக்குப் பாதி, மறுநாள் தனியாக எழுதும் ஒரே கேள்விக்குப் பாதி. உதாரணத்துக்கு, 44ஐ எத்தனை வழியில் எழுதலாம்? ஒரே வழிதான், 2 முதல் 9 வரை கூட்ட வேண்டும். கணக்கைப் படமெடுத்தால் விடை சொல்லும் செயலிகள் பெருந்தொற்றுக்கு முன்பே இருந்தன. அவற்றைத் தடை செய்து பயனில்லை. பலகையின் இடப்பாதியையும் மதிப்பிடுவோம் என்று சொல்லிவிட்டால் வெறும் விடைக்கு மதிப்புக் குறைந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் குழு வேண்டும் என்று சொல்ல மாட்டோம். வாய்ப்பாடு, பின்னச் சுருக்கல் போன்ற பழக்க வேலைகள் தனியாகவே நடக்கட்டும். எட்டு வயதுக்குக் கீழான பிள்ளைகளைத் திரைக்கு முன் மூன்று பேராக விடுவதும் வீண். பக்கத்தில் ஒரு பெரியவர் இல்லாமல் அது நடக்காது.

இணைப்பே இல்லாத வீடுகளை என்ன செய்வது? 3 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு, அதாவது 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணையம் இல்லை என்று யுனிசெஃப்பும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2020 டிசம்பரில் சொன்னார்கள். இருந்த வீடுகள் பலவற்றிலும் ஒரே போன், அதுவும் பெரியவர் வேலையிலிருந்து திரும்பிய பிறகுதான் கைக்கு வரும். அவர்களுக்கு நேரடி வகுப்பை நடத்திவிட்டு "வரவில்லை" என்று குறித்துக்கொள்வது அநியாயம். ஒரே கணக்கை மூன்று நாள் ஓட விடலாம். முதல் ஆள் ஒரு படி மட்டும் போட்டுப் படம் அனுப்ப வேண்டும், அடுத்த ஆள் அதைச் சரிபார்த்து அடுத்த படி. ஒரு படத்தில் மூன்று நான்கு வரிக்கு மேல் கூடாது, சுருங்கிப் போகும் படத்தில் சின்ன எழுத்து படிக்கவே வராது. ஒருவர் இரண்டு படி சேர்த்துப் போட்டுவிட்டால் இரண்டாவதை அழிக்கச் சொல்லுங்கள், கறாராகவே.

அதற்கும் வழியில்லாதபோது, பித்தான் வைத்த சாதாரண போன் ஒன்றிருந்தால் மூன்று பேரைப் பேச்சில் இணைக்கலாம். அப்போது பொதுப் பலகைக்கு எங்கே போவது? மூவர் கையிலும் ஒரே மாதிரி அச்சிட்ட கட்டத்தாள் இருந்தால் அதுவே பலகை. "7ஆம் வரிசை, ஐந்தாம் கட்டம், அங்கே 28ஐ எழுது" என்று ஒருவர் சொல்ல மற்ற இருவரும் எழுதலாம். ஒருவர் ஒரு உருவத்தை வாயால் மட்டும் விவரிக்க மற்றவர் வரைந்து, கடைசியில் முனைகளின் இடங்களைச் சொல்லி ஒப்பிட்டுப் பார்க்கலாம். திரை இல்லாதது இங்கே குறையே இல்லை. சொல் துல்லியமாக இருந்தால்தான் உருவம் சரியாக வரும்.

இந்தக் கட்டத்தாளை ஒரே நாளில் ஒரே அளவில் பல ஆயிரம் வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் வசதி உங்களைப் போன்ற நாளிதழிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே ஒரு வேண்டுகோள். பள்ளி மூடும் நிலை மறுபடி வந்தால் என்று காத்திருக்காமல் இப்போதிருந்தே வாரம் ஒருநாள் அரைப்பக்கம் ஒதுக்குங்கள். இடப்பக்கம் 20க்கு 20 கட்டம், மேலே அ, ஆ, இ என்று எழுத்தும் பக்கவாட்டில் எண்ணும் போட்டு. கட்டம் ஒவ்வொன்றும் 6 மி.மீ.க்குக் குறையக் கூடாது, பேனா எழுத்து அதற்குள் அடங்க வேண்டும். கோடு வெளிர் சாம்பல் நிறத்தில் இருக்கட்டும், கறுப்பில் அச்சிட்டால் எழுதியது தெரியாது. வலப்பக்கம் ஒரே ஒரு கணக்கு, மூன்றாகப் பிரித்து "முதல் ஆள்", "இரண்டாம் ஆள்", "மூன்றாம் ஆள்" என்று. கணக்கு அனுப்பும் பொறுப்பை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். விடையை மட்டும் மறுநாளே போட்டுவிடாதீர்கள், அடுத்த வாரக் கணக்கு வரும் வரை இருக்கட்டும்.

இப்படிக்கு,
கணிதம் கற்பிப்போர் சிலர்